நிற்கத் தெரிந்த செல்கள்

ஆலங்குளம் சந்தையில் சின்ன வெங்காய மூட்டையைப் பிரித்து அள்ளிப் பார்க்கிறவர்களின் கண் முதலில் கழுத்துப் பகுதிக்குத்தான் போகும். கழுத்து நன்றாகக் காய்ந்து ஒடுங்கியிருந்தால் சரக்கு நாள்படத் தாங்கும். பச்சையாக முளை எட்டிப் பார்த்தால் விலை இறங்கிவிடும். அதே வயலில் அதே நாளில் தோண்டிய வெங்காயத்தில் ஒரு பங்கு விதைக்கென்று ஒதுங்கும். பல்லாரிக்கு விதை தூவி நாற்றுவிடுவார்கள். சின்ன வெங்காயத்துக்கு நம் பக்கத்தில் பெரும்பாலும் காயையே ஊன்றுகிறார்கள். தோண்டிய கையோடு ஊன்றினால் அது ஒழுங்காக முளைக்காது. பட்டறை போட்டோ, தாளோடு கொத்துக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டோ கொஞ்ச காலம் காற்றாட வைத்துவிட்டுத்தான் நடவுக்கு எடுப்பார்கள். மண்ணில் வைத்துத் தண்ணீர் காட்டினால் இரண்டு மூன்று நாளில் அடித்தட்டைச் சுற்றி வெள்ளை வேர் கிளம்பிவிடும்.

சமையலுக்குப் போகும் வெங்காயம் முளைக்கக் கூடாது, விதை வெங்காயம் முளைக்காமல் இருந்துவிடக் கூடாது. வெங்காயத்துக்கு இந்தப் பாகுபாடு தெரியாது. கூடைக்குள் கிடக்கும் நாட்களில் அதன் அடித்தட்டிலும் நடுக்குருத்திலும் உள்ள வளர்செல்கள் உயிரோடுதான் இருக்கின்றன. சுவாசிக்கின்றன, சேர்த்து வைத்த சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கின்றன. பிரிந்து பெருகுவது ஒன்றைத்தான் ஏறக்குறைய நிறுத்தி வைத்திருக்கின்றன.

இதே வெங்காயத்தைப் பதினோராம் வகுப்பு ஆய்வகத்தில் வேறு கோலத்தில் பார்த்திருப்பீர்கள். அடித்தட்டு மட்டும் தண்ணீரில் படும்படி குவளையின் வாயில் உட்கார வைக்க வேண்டும். வேர் விட்டதும் காலையில் நுனியை நறுக்கி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் லேசாகச் சூடுகாட்டி, அசிட்டோகார்மின் சாயம் ஏற்றி, மெல்லிய மூடுகண்ணாடியை மேலே வைத்து, ஒற்றுத்தாளால் மூடிக் கட்டைவிரலால் ஓர் அழுத்து. அழுத்தம் கூடினால் கண்ணாடி உடையும். குறைந்தால் செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டு எதுவும் தெரியாது. சரியாக அமைந்துவிட்டால் குரோமோசோம்கள் நடுவில் வரிசைகட்டி நிற்கும் ஒரு செல்லும், அவை இரு துருவத்துக்கும் இழுபடும் இன்னொரு செல்லும் கண்ணில் படும். செய்முறைத் தேர்வில் மதிப்பெண் இவற்றுக்குத்தான். ஆனால் பத்துக்கு ஒரு செல் இப்படிக் கிடைத்தாலே அதிர்ஷ்டம். மற்ற ஒன்பதும் உருண்டைக் கருவோடு சும்மா உட்கார்ந்திருக்கும். ‘இடைக்கால நிலை’ என்று ரெக்கார்டு நோட்டில் ஒரே பெயர் எழுதி அவற்றைக் கடந்துவிடுவோம்.

அந்த ஒன்பதைத்தான் விஞ்ஞானிகளும் நீண்ட காலம் கடந்துபோனார்கள். 1953இல் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் அல்மா ஹோவர்டும் ஸ்டீபன் பெல்க்கும் பிராட் பீன்ஸ் எனும் அவரை இனச் செடியின் வேருக்குக் கதிரியக்கப் பாஸ்பரஸைக் கொடுத்தார்கள். டிஎன்ஏ உருவாகும்போது பாஸ்பரஸ் அதில் சேரும். வேரைப் புகைப்பட ஃபிலிமோடு ஒட்டி வைத்தால், எந்தச் செல் டிஎன்ஏ தயாரித்ததோ அதன் மேல் கரும்புள்ளி விழும். சும்மா இருப்பதாகத் தோன்றிய செல்களில் சிலவற்றில் புள்ளி விழுந்தது, சிலவற்றில் விழவில்லை. செல் பிரியும் நேரத்தில் டிஎன்ஏ இரட்டிப்பாவதில்லை, அதற்கு வெகு முன்பே ஒரு குறிப்பிட்ட காலக் கட்டத்தில் அந்த வேலை முடிந்துவிடுகிறது என்று தெரிந்தது. அதை எஸ் கட்டம் என்றார்கள். அதற்கு முன்னுள்ள இடைவெளி ஜி1, பின்னுள்ளது ஜி2. இன்றைய பாடநூலில் வட்டமாக வரைந்திருக்கும் செல் சுழற்சிப் படம் அந்த அவரை வேரில் முளைத்ததுதான்.

வட்டம் என்று வரைந்துவிட்டதில் ஒரு சிக்கல் வந்தது. வட்டத்துக்குள் இருக்கும் செல் என்றைக்காவது அதைச் சுற்றி வந்தாக வேண்டும். நம் கல்லீரல் செல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் அது பிரிவதே இல்லை. அதை மிக மிக நீளமான ஜி1 என்று சொல்லிச் சமாளிக்கலாம், பலர் சமாளித்தார்கள். ஹங்கேரியில் பிறந்து இங்கிலாந்தில் பணியாற்றிய லாஸ்லோ லஜ்தா 1963இல் வேறு வழி சொன்னார். இவை வட்டத்தில் மெதுவாக நகரும் செல்கள் அல்ல. வட்டத்தை விட்டே வெளியேறி நிற்பவை. அழைப்பு வந்தால் மறுபடி உள்ளே நுழையக்கூடியவை. அந்த வெளித்திண்ணைக்கு ஜி0 என்று பெயர் வந்தது. அது தனி நிலைதானா, இல்லை நீண்டுபோன ஜி1 மட்டுமா என்ற சண்டை அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஓடியது. என் பார்வையில் லஜ்தா பக்கம்தான் நியாயம் கூடுதல். காரணத்தைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

ஜி0வில் நிற்கும் செல்லை எழுப்ப முடியும் என்பது ஆய்வகத்தில் அகப்பட்டது ஏறக்குறைய தற்செயலாக. நம் ரத்தத்தில் ஓடும் லிம்ஃபோசைட் எனும் வெள்ளணுக்களில் பெரும்பாலானவை ஜி0வில் இருப்பவை. பிலடெல்பியாவில் பீட்டர் நோவெல் ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து வளர்த்துக்கொண்டிருந்தார். சிவப்பணுக்களை ஒன்றாகத் திரளவைத்து ஒதுக்குவதற்காக ராஜ்மா பயறிலிருந்து எடுத்த பைட்டோஹீமக்ளுட்டினின் என்ற புரதத்தைச் சேர்ப்பது அப்போது வழக்கம். சேர்த்த குடுவைகளில் வெள்ளணுக்கள் பெருத்து, டிஎன்ஏவை இரட்டித்து, பிரியத் தொடங்கியிருந்தன. வெறும் வடிகட்டும் சாமானாக வைத்திருந்த பயற்றுச்சாறுதான் அவற்றை எழுப்பியது என்று 1960இல் அவர் எழுதினார். குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கிறதா என்று பார்க்க இன்றைக்கும் ரத்தம் எடுத்துக் குரோமோசோம் பரிசோதனைக்கு அனுப்பினால், லேப்பில் முதலில் நடப்பது இதுதான். பயற்றுப் புரதத்தைச் சேர்த்து மூன்று நாள் வளர்ப்பார்கள். ஜி0வில் இருக்கும் செல்லில் குரோமோசோம்கள் தனித்தனியாகச் சுருண்டு தெரியாது. எழுப்பிப் பிரியவைத்தால்தான் எண்ண முடியும். ரிசல்ட்டுக்கு ஏன் இத்தனை நாள் என்று கேட்டுக்கொண்டு வாசலில் நிற்பவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

உடம்புக்குள் அந்த லிம்ஃபோசைட்டை எழுப்புவது கிருமி. ஒருமுறை எதிர்கொண்ட கிருமியை நினைவில் வைத்திருக்கும் செல்கள் வேலை முடிந்ததும் மறுபடி ஓய்வுக்குப் போய் வருடக்கணக்கில் காத்திருக்கின்றன. 1918 இன்ஃப்ளூயன்சா கொள்ளைநோயில் சிறுபிள்ளைகளாக இருந்து பிழைத்தவர்களின் ரத்தத்தை ஏறக்குறைய 90 ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்தார்கள். அந்த வைரஸை அடையாளம் காணும் நினைவுச் செல்கள் அப்போதும் இருந்தன. இந்த ஆய்வு 2008இல் வெளியானது. தடுப்பூசி என்ற ஏற்பாடே செல்லால் இப்படிக் காத்திருக்க முடியும் என்பதை நம்பித்தான் நிற்கிறது.

இப்போது அந்தக் காரணத்துக்கு வருவோம். உணவும் வளர்ச்சிக்கான சமிக்ஞையும் கிடைக்காததால் செல் ஓய்ந்துபோகிறது, பெட்ரோல் தீர்ந்த வண்டி போல, என்று நினைப்பது எளிது. அப்படியானால் ஜி0வில் புதிதாக எதுவும் நடக்கக் கூடாது. 2006இல் ஹிலரி காலரும் சக ஆய்வாளர்களும் மனிதத் தோல் செல்களை மூன்று விதமாக நிறுத்திப் பார்த்தார்கள். ஒரு கூட்டத்துக்கு ஊட்டத்தைக் குறைத்தார்கள். இன்னொன்றை நெருக்கமாக வளரவிட்டு இடமில்லாமல் செய்தார்கள். மூன்றாவதற்குப் பற்றி நிற்கத் தரையே இல்லாமல் செய்தார்கள். மூன்றும் நின்றன. ஆனால் ஒவ்வொன்றிலும் வெவ்வேறு மரபணுக்கள் இயங்கின. மூன்றிலும் பொதுவாக இயங்கிய ஒரு தொகுதியும் இருந்தது. தீர்ந்துபோய் நிற்கும் செல் இப்படிச் செய்யாது. நிறுத்தி வைக்கவென்றே சில மரபணுக்களை இயக்கிக்கொண்டிருக்கிறது செல்; நிற்பதற்கே ஆள் போட்டிருக்கிறது.

இந்த வேலையை இந்தியாவில் நெடுங்காலமாகத் தோண்டித் துருவுகிறவர் ஹைதராபாத்தில் சிசிஎம்பி எனும் செல், மூலக்கூறு உயிரியல் மையத்தில் பணியாற்றிய ஜோத்ஸ்னா தவன். அவர் குழு எடுத்துக்கொண்டது தசை. நம் தசை நார்கள் பிரியமாட்டா. நாரை ஒட்டி, அதன் உறைக்கு அடியில் ஒடுங்கிச் சின்னச் செல்கள் இருக்கின்றன. 1961இல் அலெக்ஸாண்டர் மவுரோ தவளைத் தசையை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது கண்ட இவற்றுக்கு சாட்டிலைட் செல்கள் என்று பெயர். வெங்காய மூட்டையைத் தோளில் ஏற்றி லாரிக்குக் கொண்டுபோகிறவரின் தொடையிலும் தோளிலும் அன்றாடம் ஏற்படும் சிறு சிதைவுகளைச் சரிசெய்வதில் இவற்றுக்கும் பங்கு உண்டு. காயம் பெரிதானால் கட்டாயம் இவைதான் வர வேண்டும். மற்ற நேரத்தில் ஜி0.

உடம்புக்குள் இருக்கும் இந்த ஓய்வைத் தொந்தரவு செய்யாமல் வெளியே எடுப்பது கடினம், எடுக்கும்போதே விழித்துக்கொள்ளும். அதனால் தவனின் குழு எலியின் தசைச் செல்களை மெத்தில் செல்லுலோஸ் என்ற கொழகொழப்பான கரைசலில் மிதக்க விடுகிறது. ஒட்டிக்கொள்ளத் தரை இல்லாத செல்கள் இரண்டு நாளில் ஜி0வுக்குள் போய்விடும். வெளியே எடுத்துத் தட்டில் விட்டால் தரையைப் பற்றிக்கொண்டு ஒரு நாளைக்குள் டிஎன்ஏ தயாரிக்க ஆரம்பித்துவிடும். இப்படி விரும்பியபோது தூங்கவைத்து எழுப்பும் வசதி இருந்ததால் உள்ளே எட்டிப் பார்க்க முடிந்தது. 2015இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் பிஆர்டிஎம்2 என்ற புரதம் கதாநாயகன். ஓய்விலிருக்கும் செல்லில் அது ஆயிரக்கணக்கான மரபணுக்களின் வாசலில் போய் உட்காருகிறது. அவற்றில் ஒன்று சைக்ளின் ஏ. டிஎன்ஏவை இரட்டிக்க அவசியமான புரதத்தின் மரபணு அது. அந்த மரபணு சுற்றியிருக்கும் புரத உருளைகளில் ‘திற’ என்ற ரசாயனக் குறியும் ‘மூடு’ என்ற ரசாயனக் குறியும் ஒரே இடத்தில் சேர்ந்து இருந்தன. மரபணு இயங்கவில்லை, நிரந்தரமாகப் பூட்டப்படவும் இல்லை. பிஆர்டிஎம்2வைக் குறைத்தபோது செல்லால் அந்த ஓய்வில் நிலைத்திருக்க முடியவில்லை.

சுழற்சி நின்றுபோகும் மற்ற இரண்டு விதங்களோடு ஜி0வைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் இருக்க இந்த இரட்டைக் குறி உதவும். முதிர்ந்த தசை நாரும் பெரும்பாலான மூளை நரம்புச் செல்களும் தொழிலில் இறங்கிவிட்டவை. திரும்பிவரும் பாதை அவற்றுக்கு அடைபட்டுவிட்டது. மனிதச் செல்லை வளர்ப்புத் தட்டில் ஏறக்குறைய 50 தடவை பிரியவிட்ட பிறகு அது மூப்படைந்து நிரந்தரமாக நின்றுவிடும் என்று 1961இல் லெனர்ட் ஹேஃப்லிக்கும் பால் மூர்ஹெட்டும் காட்டினார்கள். அது இன்னொரு நிலை. பாடநூல்கள் சில இந்த மூன்றையும் ஜி0 என்ற ஒரே கட்டத்துக்குள் திணித்துவிடுகின்றன. மாணவன் நரம்புச் செல்லை உதாரணம் எழுதினாலும் மதிப்பெண், கல்லீரலை எழுதினாலும் மதிப்பெண். திரும்பி வரமுடிகிற ஓய்வும் திரும்பாத நிறுத்தமும் மருத்துவத்தில் உயிருக்கும் சாவுக்குமான வித்தியாசம்.

கல்லீரலை அப்படிப் பார்க்கலாம். 1931இல் ஹிக்கின்ஸும் ஆண்டர்சனும் எலியின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தார்கள். மிஞ்சிய செல்கள் எழுந்தன, சில வாரங்களில் பழைய எடை திரும்பியது. உயிரோடு இருப்பவரின் கல்லீரலில் ஒரு துண்டை எடுத்து இன்னொருவருக்குப் பொருத்தலாம் என்ற துணிவு வந்தது இதனால்தான். இந்தியாவில் அந்தச் சிகிச்சை முதன்முதலாக வெற்றி பெற்றது 1998இல், டெல்லி அப்போலோவில். நோயாளி தமிழ்நாட்டுக் குழந்தை, கொடுத்தவர் தந்தை. அவரிடம் மிச்சமிருந்ததும் குழந்தைக்குள் போனதுமாக இரண்டு இடத்திலும், அதுவரை ஜி0வில் கிடந்த செல்களே வேலையை எடுத்துச் செய்தன. போதிய அளவு வந்ததும் தாமாகவே நிறுத்திக்கொண்டன. நிற்கவில்லை என்றால் அதற்குப் பெயர் கட்டி.

ஓய்விலும் ஆழம், மேலோட்டம் என்று படிகள் இருக்கின்றன. ஸ்டான்ஃபோர்டில் தாமஸ் ராண்டோவின் குழு 2014இல் எலியின் ஒரு காலில் மட்டும் தசையைக் காயப்படுத்தியது. அடிபடாத மறுகாலின் சாட்டிலைட் செல்களும் கொஞ்சம் பெருத்து, விழிப்பாகி நின்றன. பிரியவில்லை. ஆனால் அந்தக் காலில் பின்னர் காயம் பட்டபோது சீக்கிரமாகக் கிளம்பின. பஸ் ஸ்டாண்டில் ஹாரன் கேட்டதும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பவர்களை நினைத்துக்கொள்ளலாம் என்று எழுதத்தான் கை வருகிறது. பெட்ரோல் வண்டியோடு அந்த ஆசையை நிறுத்திக்கொள்கிறேன்.

மறுபடி வெங்காயத்துக்கு. அந்த வேரின் நுனியிலேயே ஓய்விடம் ஒன்று உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் ஃபிரெடரிக் கிளவுஸ் 1950களில் வேர் நுனியின் நடுவில் டிஎன்ஏ தயாரிப்பு அநேகமாகவே நடக்காத ஒரு செல் கூட்டத்தைக் கண்டார். மக்காச்சோள வேரில் சுற்றியிருக்கும் மூடிச் செல்கள் அரை நாளுக்கு ஒருமுறை பிரிய, நடுவிலிருப்பவை ஒரு வாரம் எடுத்துக்கொண்டன. முழு ஜி0 என்று சொல்லிவிட முடியாது. மிக மிக மெதுவான ஓட்டம். அந்த வேரை எக்ஸ்-ரேயில் காட்டியபோது வேகமாகப் பிரிந்தவை அழிந்தன, நடுவில் நின்றவை பிழைத்து, விழித்து, வேரைத் திரும்பக் கட்டின.

வேகமாகப் பிரிபவையே கதிர்வீச்சில் முதலில் வீழும் என்று பிரான்ஸில் பெர்கோனியேவும் டிரிபோன்டோவும் 1906இலேயே சொல்லியிருந்தார்கள். அதையே திருப்பிப் போட்டு வெங்காயத்தைக் காக்கலாம். இந்தியாவில் 1994இல் வெங்காயத்துக்கு 30 முதல் 90 கிரே (உள்வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரை காமா கதிர் கொடுக்க அனுமதி கிடைத்தது. பாபா அணு ஆராய்ச்சி மையம் 2002இல் நாசிக் பக்கம் லாசல்காவ்னில் இதற்கென்று ஒரு நிலையமே அமைத்தது. உடல் முழுக்கச் சுமார் நான்கு கிரே பட்டால் சிகிச்சையில்லாத மனிதர்களில் பாதிப்பேர் மஜ்ஜை அழிந்து இறந்துபோவார்கள். அதைப்போலப் பல மடங்கு வாங்கிய வெங்காயம் பார்வைக்கு எப்போதும்போல் இருக்கிறது. கதிர் அதன் குருத்துச் செல்களின் டிஎன்ஏவை உடைத்துவிட்டது. ஓய்விலிருக்கும்வரை அந்தச் சேதம் செல்லுக்கு உறைக்காது. முளைக்கலாம் என்று பிரியத் தொடங்கும்போது உடைந்த குரோமோசோம் காலை வாரிவிடும். அதனால் முளை வராது. அறுவடைக்குப் பிறகு உள்முளை கிளம்புவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும். தாமதித்தால் பலன் குறைவு. விதை வெங்காயத்துக்கு இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அடையாறிலோ திருநெல்வேலியிலோ கீமோதெரபிக்குப் போய்வருகிறவர்கள் இதே கணக்கின் இன்னொரு பக்கத்தில் வாழ்கிறார்கள். மருந்துகளில் பல பிரியும் செல்லைத்தான் கொல்லும். முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது, இரண்டாவது வாரத்தில் வெள்ளணு எண்ணிக்கை தரைமட்டத்துக்குப் போகிறது. மூன்றும் வேகமாகப் பிரியும் செல்கள் உள்ள இடம். ஆனால் அடுத்த ஊசிக்குள் எண்ணிக்கை ஏறிவிடுகிறது. மஜ்ஜையின் ஆழத்தில் உள்ள ரத்த மூலசெல்கள் ஜி0வில் இருந்ததால் மருந்து அவற்றைத் தொடவில்லை. எலியில் மிக ஆழ்ந்த ஓய்விலுள்ள மூலசெல்கள் சராசரியாக 145 நாளுக்கு ஒருமுறைதான் பிரிகின்றன என்று 2008இல் கணக்கிட்டார்கள். வாழ்நாளில் மொத்தமே ஐந்து தடவை.

நோயாளியைக் காப்பாற்றும் இதே ஓய்வு நோயையும் காப்பாற்றும். பயற்றுப் புரதத்தைக் கண்ட அதே 1960இல் நோவெல், ஹங்கர்ஃபோர்டுடன் சேர்ந்து இன்னொன்றையும் கண்டார். நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய் உள்ளவர்களின் செல்களில் ஒரு குரோமோசோம் குட்டையாக இருந்தது. பிலடெல்பியா குரோமோசோம் என்று இன்று அழைக்கப்படும் அதன் விளைவான புரதத்தைக் குறிவைத்து வந்த மாத்திரைதான் இமாடினிப். 2001இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதன் காப்புரிமை விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் நிராகரிக்க, வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம்வரை போய் 2013 ஏப்ரல் 1 அன்று மாத்திரையைத் தயாரித்த நோவார்ட்டிஸ் நிறுவனம் தோற்றது. அதனால் இங்கே விலை மலிவான இமாடினிப் தொடர்ந்து கிடைக்கிறது.

மாத்திரை அற்புதமாக வேலை செய்யும், ஆனால் பலர் அதை ஆயுள் முழுக்க எடுக்க வேண்டியிருக்கிறது. கிளாஸ்கோவைச் சேர்ந்த டெஸா ஹோலியோக் 1999இல் இந்த நோயாளிகளின் ரத்தத்தில் பிரியாமல் ஜி0வில் ஒதுங்கி நிற்கும் புற்றுச் செல்களைப் பிரித்துக் காட்டினார். இமாடினிப் அவற்றைக் கொல்வதில்லை என்று பின்னர் தெரிந்தது. இரண்டு வழிகள் பேசப்படுகின்றன. முதலில் அவற்றை எழுப்பி, பிறகு மருந்தால் அடிப்பது ஒன்று. எழுப்பியவை எல்லாம் மருந்துக்கு அகப்படும் என்பதற்கு உத்தரவாதம் இல்லாததால் பல மருத்துவர்கள் இதற்குத் தயங்குகிறார்கள். எழுந்துவிடாதபடி பார்த்துக்கொள்வது இன்னொன்று.

பிரான்ஸில் சில மருத்துவர்கள் இந்த இரண்டையும் விட்டுவிட்டு மாத்திரையையே நிறுத்திப் பார்த்தார்கள். குறைந்தது இரண்டு வருடமாகப் பரிசோதனையில் நோயே தெரியாமல் இருந்த 100 பேர். 2010இல் வந்த முடிவின்படி, ஓராண்டு பின்தொடர்ந்தவர்களில் சுமார் 40 சதவீதத்தினருக்கு நோய் திரும்பவில்லை. திரும்பியவர்களில் பெரும்பாலானோருக்கு முதல் ஆறு மாதத்துக்குள் திரும்பிவிட்டது. அவர்கள் மாத்திரையை மறுபடி தொடங்கினார்கள். நோய் மருந்துக்குப் பழையபடி அடங்கியது. அதனால் இன்றைக்கு மாத்திரை நிறுத்துகிறவர்களுக்கு முதல் ஆறு மாதம் மாதந்தோறும் ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுக்கிறார்கள்.